அச்சம் எழுதி வைத்த பெயர்கள்

1727-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், ஃபிலடெல்ஃபியாவில் கூடிய பென்சில்வேனிய மாகாண ஆட்சிக்குழுவின் முன் ஒரு பட்டியல் வைக்கப்பட்டது. 'வில்லியம் அண்டு சாரா' என்னும் கப்பலில், ராட்டர்டாமில் புறப்பட்டு, இங்கிலாந்தின் டோவர் துறையைத் தொட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்திறங்கிய 109 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. கப்பலின் தலைவர் வில்லியம் ஹில் என்பவர். குடும்பத்தாரையும் கூட்டினால் வந்தவர் தொகை ஏறத்தாழ 400 என்று குழுவின் நடவடிக்கைக் குறிப்பு கூறுகிறது. 109 பேருக்குப் பெயர் உண்டு. எஞ்சிய ஏறத்தாழ 290 பேரும் 'குடும்பத்தார்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

அன்று தொடங்கி 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்ட காலம் வரை, முந்நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு இத்தகைய பட்டியல்கள் எழுதப்பட்டன. அமெரிக்காவில் தம் ஜெர்மானிய மூதாதையரைத் தேடப் புகுவோர் முதலில் வந்து நிற்கும் வாசல் இதுவே. அதே துறைமுகத்தில் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினர். அவர்கள் அரசரின் சொந்தக் குடிகள். ஆதலால் அவர்களின் பெயரை ஒருவரும் கேட்டுப் பதியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்டோரைச் சரக்காகக் கருதினர். அவர்களுக்கும் பெயர்ப்பட்டியல் இல்லை. குடியும் ஆகாத, சரக்கும் ஆகாத இந்த இடைப்பட்ட கூட்டத்துக்கு மட்டுமே பெயர் எழுதி வாங்கப்பட்டது. இவ்வேடுகளைப் படிக்கத் தொடங்குவோர் அவை ஏன் எழுதப்பட்டன என்பதை மறந்தால் வழி தவறுவது உறுதி. இவை நினைவுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஐயத்தினால் எழுதப்பட்டவை.

அந்த ஐயத்தின் வாசகம் ஒரு வாரத்துக்கு முன், செப்டம்பர் 14-ஆம் நாள் தீர்மானத்தில் இருக்கிறது. ஆளுநர் பேட்ரிக் கார்டன் தலைமையில் கூடிய குழுவின் கவலை இது: நம் மொழியும் சட்டமும் அறியாத அயலார் பெருந்திரளாக வருகின்றனர், ஒரே இடத்தில் சேர்ந்து குடியேறித் தனி மக்களினமாகவே ஆகிவிடக்கூடும், இதனால் மாகாணத்தின் அமைதிக்குக் கேடு வரலாம். பத்தாண்டுகளுக்கு முன், 1717-இல், ஆளுநர் வில்லியம் கீத் காலத்திலும் இதே முறையீடு எழுந்தது. அப்போது கப்பல் தலைவர்கள் பட்டியல் தரவேண்டும் என்று பணித்தனர். ஆனால் அது நடைமுறையில் நிலைக்கவில்லை. 1727-ஆம் ஆண்டு ஆணை பெயரை மட்டுமன்றி, ஒவ்வொருவரின் தொழிலையும் புறப்பட்ட ஊரையும் எழுத வேண்டும் என்றது. அவ்வாணையை எழுத்தர்கள் முறையாகக் கைக்கொண்டிருந்தால், பின்வந்த தலைமுறைகளின் தேடலில் பாதி குறைந்திருக்கும். பட்டியல்களில் பெயர் இருக்கிறது. ஊர் அநேகமாக இல்லை. அரசுக்கு உண்மையில் வேண்டியிருந்தது கையொப்பமே அன்றி வரலாறன்று.

வந்தவர்கள் யார்? ஆங்கிலேயர் அவர்கள் அனைவரையும் 'பாலட்டைன்கள்' என்றே அழைத்தனர். ரைன் ஆற்றங்கரையில் உள்ள பாலட்டினேட் நாட்டவர் என்பது அதன் பொருள். உறுதிமொழியின் வாசகமே ரைன் நதிக்கரைப் பாலட்டினேட்டையும் அதை அடுத்த இடங்களையும் சேர்ந்தோர் என்று பொதுப்படப் பேசுகிறது. 'அடுத்த இடங்கள்' என்ற தொடருக்குள் வூர்ட்டம்பர்க், பாடன், ஹெஸ்ஸே, அல்சாஸ், ஸ்விட்சர்லாந்து ஆகிய அனைத்தும் புகுந்துகொண்டன. ஜெர்மனி என்றொரு நாடு அன்று இல்லை. சிற்றரசுகளும் கோமான்களின் நிலங்களுமாகச் சிதறிக் கிடந்த பரப்பு அது. பிரெஞ்சுப் படைகள் 1689-இல் ஹைடல்பர்க், மான்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் முதலிய நகரங்களைத் தீக்கிரையாக்கின. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. தந்தையின் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டு, ஒரு குடும்பத்துக்குப் போதாத துண்டுகளே எஞ்சின. போதாக்குறைக்கு, பலர் நிலக்கிழாரின் ஆட்களாகக் கட்டுண்டிருந்தவர்கள். ஊரை விட்டுப் போவதற்கே விடுதலைக் கட்டணம் செலுத்த வேண்டும். எடுத்துச் செல்லும் சொத்திலும் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க வேண்டும்.

பயணத்தின் கொடுமையை நாம் அறிவதற்குச் சிறந்த சாட்சி காட்லீப் மிட்டல்பெர்கர். எண்ட்ஸ்வைஹிங்கன் என்ற சிற்றூரைச் சேர்ந்த இசைவாணர் இவர். ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்ட ஒரு தேவாலய ஆர்கன் கருவியோடு 1750-இல் கடல் கடந்து, 1754-இல் திரும்பி, 1756-இல் தம் பயண நூலை வெளியிட்டார். ஹைல்பிரான் நகரிலிருந்து ஹாலந்து போய்ச் சேருவதற்குள் ரைன் வழியில் 36 சுங்கச் சாவடிகள் என்று அவர் எழுதுகிறார். அதற்கே நான்கு முதல் ஆறு வாரம். ஹாலந்தில் காத்திருப்பு. பிறகு இங்கிலாந்தின் கவ்ஸ் துறையில் சுங்கச் சோதனை. அதன் பின்னரே பெருங்கடல். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உயிரோடு கரையேறுவது அரிது என்கிறார். தம் கப்பலில் மட்டும் 32 குழந்தைகள் இறந்து கடலில் இடப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். மிட்டல்பெர்கர் ஊராரை அமெரிக்கா போகவேண்டாமென்று தடுக்கும் நோக்குடன் எழுதியவர். ஆகவே மிகையிருக்கலாம் என்று சில ஆய்வாளர் கருதுவர். இருக்கட்டும். ஆனால் அந்த 32 பேரில் ஒருவர் பெயரும் ஃபிலடெல்ஃபியாவின் பட்டியலில் தேடிக் கிடைக்கும் பெயரன்று என்பதில் மிகை ஏதுமில்லை.

பட்டியல்கள் மூவகை. முதலாவது, கப்பல் தலைவர் தரும் பயணிகள் பட்டியல். இரண்டாவது, பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்ற உறுதிமொழியின் கீழ் இட்ட கையொப்பங்கள். மூன்றாவது 1729 முதல் சேர்ந்தது: நாடிழந்த ஸ்டூவர்ட் வமிச இளவரசனுக்கு உரிமையில்லை என்றும் அவனை ஆதரியோம் என்றும் துறந்துரைக்கும் உறுதிமொழி. ரைன் கரையில் உழுதுகொண்டிருந்த ஒரு குடியானவனுக்கு ஸ்டூவர்ட் இளவரசன் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை. நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள், ஒரு வாசகத்தைப் படித்தார்கள், இறகுப் பேனாவைக் கையில் கொடுத்தார்கள், அவன் எழுதினான்.

பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டுமே உறுதிமொழி எடுத்தனர். பெரும்பாலோர் தாமே தம் பெயரை ஜெர்மானியக் கையெழுத்து முறையில் எழுதினர். எழுதத் தெரியாதவர் சிலுவைக் குறியோ தம் பெயரின் முதலெழுத்துகளையோ இட, எழுத்தர் பக்கத்தில் பெயரை எழுதினார். போதகர்கள் தம் தகுதியையும் சேர்த்துக்கொண்டனர். 'வில்லியம் அண்டு சாரா'வில் வந்த கியோர்க் மிக்கேல் வைஸ் என்ற சீர்திருத்தச் சபைப் போதகர், பெயரின் பின்னே 'இறைவாக்கின் பணியாளன்' எனப் பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளை இட்டார். 1728-இல் 'ஜேம்ஸ் குட்வில்' கப்பலில் வந்த ஸ்டோவர் என்ற தந்தையும் மகனும் ஒரே பெயரினர். தந்தை 'மிஷனரி' என்றும், மகன் 'இறையியல் மாணவன்' என்றும் எழுதிப் பிற்காலத்தார் குழம்பாதபடி வைத்தனர். இப்படி எல்லாரும் செய்திருக்கக் கூடாதா என்று ஏங்காத ஆய்வாளர் இருக்க முடியாது.

ஒரே ஆளின் பெயர் மூன்று இடத்தில் இருப்பது பெரும்பேறு. கப்பல் தலைவரின் பட்டியல் ஆங்கிலச் செவி கேட்ட ஒலி. மற்ற இரண்டும் பெயருக்கு உரியவனே எழுதிய எழுத்து. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பெயர் விளங்கும். ஐ. டேனியல் ரப் 1856-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டி வெளியிட்டார். பெரும் உழைப்பு, ஆயினும் பிழைகள் மலிந்தது. பிற்பாடு ரால்ஃப் பீவர் ஸ்ட்ராஸ்பர்கரும் வில்லியம் ஜான் ஹிங்கும் 1934-இல் மூன்று தொகுதிகளாகப் 'பென்சில்வேனிய ஜெர்மானிய முன்னோடிகள்' என்ற நூலை வெளியிட்டனர். மூவகைப் பட்டியல்களையும் ஒப்பிட்டு அச்சிட்டதோடு நில்லாமல், கையொப்பங்களை நகலெடுத்து ஒரு தொகுதி முழுவதும் படமாகவே தந்தனர். கொள்ளுப்பாட்டனின் கொள்ளுப்பாட்டன் தன் கையால் எழுதிய பெயரை, மையின் தடிப்போடும் நடுக்கத்தோடும் காண்பதற்கு ஈடாக எந்த அச்செழுத்தும் ஆகாது.

செவியின் பிழை எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் எழுத்தில் 'ப' ஒன்றே. பாண்டியனும் பாரதியும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றனர், ஒலி வேறுபட்டாலும். பாலட்டினேட் வட்டார வழக்கிலும் பேச்சில் இவ்வல்லொலிகளுக்கும் மெல்லொலிகளுக்கும் வேறுபாடு மங்கியே இருந்தது. பகரமும் டகரமும் ககரமும் இருவழியும் நழுவும். 'பெண்டர்' என்று அவன் சொன்னதை ஆங்கில எழுத்தர் 'பெயிண்டர்' என்று கேட்டார். 'குன்ட்ஸ்' 'கூன்ஸ்' ஆனது. ஒலிமாற்றம் ஒருபுறமிருக்க, பொருள்மாற்றமும் நடந்தது. 'சிம்மர்மன்' என்றால் தச்சன். அவன் பேரன் 'கார்ப்பென்டர்' ஆனான். 'ஷ்வார்ட்ஸ்' 'பிளாக்' ஆனான். 'ஷ்மிட்' 'ஸ்மித்' ஆனபின் அவனை ஆங்கிலேய ஸ்மித்துகளின் கடலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான ஹூவரும் ஐசனோவரும் இவ்வழிவந்தோரே. ஹூவரின் மூதாதை ஆந்திரேயாஸ் ஹூபர் 1738-இலும், ஐசனோவரின் மூதாதை ஹான்ஸ் நிக்கலாஸ் ஐசன்ஹவர் 1741-இலும் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினர்.

பெயரிடும் மரபும் ஒரு பொறி. ஒரு குடும்பத்தில் ஐந்து ஆண்மக்கள். ஐவருக்கும் முதற்பெயர் யோஹன். யோஹன் கியோர்க், யோஹன் பீட்டர், யோஹன் ஆடம் என்று வரிசையாக இருப்பர். வீட்டில் அழைப்பது இரண்டாம் பெயரால்தான். 'யோஹன்னஸ்' என்று தனியாக நின்றால் மட்டும் அது முழுப்பெயர். இதனை அறியாதவர் யோஹன் பீட்டரையும் பீட்டரையும் இருவராக்குவர். யோஹனையும் யோஹன்னஸையும் ஒருவனாக்குவர். பெண்களின் குடும்பப்பெயருக்குப் பின்னே 'இன்' என்ற விகுதி சேரும். ம்யூல்லர் மகள் ம்யூல்லரின். நம் விகுதிகளோடு ஒப்பிட்டால் வியப்பில்லை. ஆங்கிலேய எழுத்தர் அதையும் வேறொரு குடும்பம் என்று எண்ணி எழுதி வைத்தார்.

ஆனால் பெண்களின் பெயர் எழுதப்பட்டதே எங்கே? கப்பல் தலைவரின் பட்டியல்கள் சிலவற்றில், குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில், பெண்களும் குழந்தைகளும் இடம்பெற்றனர். உறுதிமொழிப் பட்டியல்களில் இல்லவே இல்லை. அரசர் அஞ்சியது ஆயுதம் ஏந்தக்கூடிய கையை. ஏந்தாத கைக்கு எழுதுகோலும் தரப்படவில்லை. பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு அவள் வாழ்வில் ஏதேனும் ஒன்று முறிய வேண்டியிருந்தது.

இதனைக் காண, ஃபிலடெல்ஃபியாவை விட்டுச் சற்றுப் பின்னோக்கி நியூயார்க்குக்குப் போகவேண்டும். 1709-இல் ஏறத்தாழ 13,000 பாலட்டைன்கள் லண்டனுக்கு வந்து, பிளாக்ஹீத் முதலிய இடங்களில் கூடாரங்களில் கிடந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேரை 1710-இல் ஆளுநர் ராபர்ட் ஹண்டரோடு நியூயார்க்குக்கு அனுப்பினர். ஹட்சன் நதிக்கரைப் பைன் காடுகளில் கடற்படைக்குத் தார் காய்ச்சுவது அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. கடலிலும், இறங்கிய முகாமிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஹண்டர் அவர்களுக்கு அளித்த உணவுக்குக் கணக்கு வைத்தார்: பெரியவருக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், சிறியவருக்கு 4 பென்ஸ். அக்கணக்கேட்டில் குடும்பத் தலைவரின் பெயரும், பத்து வயதுக்கு மேற்பட்டோர், கீழ்ப்பட்டோர் தொகையும் உள்ளன. கணவன் இறந்தவுடன், அதுவரை வெறும் எண்ணாக இருந்த மனைவி, கைம்பெண்ணாகத் தன் பெயரோடு அவ்வேட்டில் நுழைகிறாள். கடன் இனி அவள் தலையில் என்பதால்.

குழந்தைகளின் கதை இதனினும் கொடிது. தந்தையை இழந்த பிள்ளைகளை, தாய் உயிரோடிருந்தாலும், ஹண்டர் பிறரிடம் தொழில் பயிலும் ஆளாகக் கட்டுப்படுத்திக் கொடுத்தார். அப்பட்டியலில் பிள்ளையின் பெயரும் வயதும், தாய் அல்லது தந்தையின் பெயரும், யாரிடம் ஒப்படைக்கப்பட்டான் என்பதும் உண்டு. 1710 அக்டோபரில் வில்லியம் பிராட்ஃபர்ட் என்ற அச்சகத்தாரிடம் எட்டாண்டுக்கு ஒப்படைக்கப்பட்ட 13 வயதுச் சிறுவன் ஒருவன். பெயர் ஜான் பீட்டர் சென்கர். பள்ளி ஆசிரியராக இருந்த அவன் தந்தை நிக்கலாஸ் எபர்ஹார்ட், குடும்பம் நிலைகொள்ளும் முன்பே இறந்துவிட்டார். இச்சிறுவனே பின்னர் 1733-இல் 'நியூயார்க் வீக்லி ஜர்னல்' இதழை அச்சிட்டு, ஆளுநர் காஸ்பியைக் கண்டித்த குற்றத்துக்காக 1734 நவம்பர் முதல் சிறையிருந்து, 1735 ஆகஸ்டில் நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டவன். பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றில் நீங்காத பெயர். அவன் சிறையிலிருந்த மாதங்களில் இதழைத் தொடர்ந்து வெளியிட்டவர் அவன் மனைவி அன்னா கேத்தரினா. இப்பெயரை நாம் அறிவதற்கும் ஒரு கைது வேண்டியிருந்தது.

இங்கே நம்மவர் தொடர்பான ஒப்பீடு ஒன்று மனத்தில் எழுகிறது. 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பற் பட்டியல்களில் ஆண் பெண் இருபாலாரும் உண்டு. தந்தை பெயர், வயது, சாதி, உடலின் அடையாளத் தழும்பு, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஜெர்மானியனின் பட்டியலில் இல்லாத ஊர் நம் கூலியின் பட்டியலில் இருக்கிறது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! அங்கே ஐயம் எழுதியது; இங்கே உடைமை எழுதியது. எது எவ்வளவு எழுதும் என்பது எழுதுவோனின் தேவையைப் பொறுத்தது.

இனிக் குடியுரிமை. வழித்தோன்றல்களிடையே வேரூன்றிய தவறு ஒன்றை முதலில் களைய வேண்டும். இறங்கிய அன்று எடுத்த உறுதிமொழி குடியுரிமை ஆகாது. அது 'தீங்கு செய்யமாட்டேன்' என்ற வாக்கு மட்டுமே. குடியுரிமை பெறாத அயலான் நிலம் வாங்கலாம், உழலாம், வீடு கட்டலாம். அவன் இறந்தால் நிலம் பிள்ளைகளுக்குச் சேரும் என்பதற்குச் சட்டத்தில் உறுதியில்லை. காடு திருத்திய நிலம் கைமாறிப் போகுமென்ற அச்சம்தான் அவர்களைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தூண்டியது. தொடக்கத்தில் மாகாணச் சட்டமன்றம் பெயர் குறித்துத் தனிச்சட்டம் இயற்றிக் குடியுரிமை அளித்தது. 1683-இல் ஜெர்மன்டவுனை நிறுவிய ஃபிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸும் அவர் கூட்டத்தாரும் 1709-இல்தான் இவ்வாறு குடியுரிமை பெற்றனர்; இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1730-இல் லங்காஸ்டர் கவுண்டிக் குடியேறிகளுக்கு இன்னொரு சட்டம் வந்தது.

1740-இல் லண்டன் நாடாளுமன்றத்தின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியேற்ற நாட்டில் ஏழாண்டு வசித்திருக்க வேண்டும். இடையில் ஒருமுறையும் இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் புராட்டஸ்டண்ட் சபையொன்றில் திருவிருந்து பெற்று, இருவர் சாட்சியிட்ட சான்று காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்க வேண்டும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் திருவிருந்துச் சான்று வேண்டியதில்லை. கத்தோலிக்கருக்கு இடமே இல்லை. ஒவ்வோராண்டும் பட்டியலை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது பதிவேட்டில் ஏறியது. எம். எஸ். ஜியூசெப்பி அப்பதிவேட்டை 1921-இல் பதிப்பித்தார். அதிலுள்ள பெயர்களில் பெரும்பான்மை பென்சில்வேனியாவினுடையது.

தேடுவோனுக்கு இப்பட்டியல் மூன்று விதத்தில் உதவும். குடியுரிமை பெற்ற ஆண்டிலிருந்து ஏழைக் கழித்தால், அதற்கு முன்னரே அவன் வந்திறங்கிவிட்டான் என்று அறியலாம். வாழ்ந்த கவுண்டியும் பலவேளை தெரியும். திருவிருந்து பெற்ற தேதி இருந்தால் லுத்தரனோ சீர்திருத்தச் சபையினனோ என்று கொண்டு, அத்தேதியில் அருகிலிருந்த சபையின் ஏட்டைத் தேடலாம். தேதி இல்லாமல் ஆணையிடாத உறுதியுரை மட்டும் குறித்திருந்தால் குவேக்கரோ மென்னோனைட்டோ என்று ஊகிக்கலாம். ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் பெரும்பாலும் நிலம் உடையோர். பட்டியலில் இல்லாததால் ஒருவன் இல்லாதவன் ஆகான். விண்ணப்பித்தோர் எல்லாரும் நிலத்துக்காகவே விண்ணப்பித்தனர் என்பதும் இல்லை, வாக்குரிமையும் இதிலிருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1751-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆங்கிலேயர் நிறுவிய மாகாணத்தில் பாலட்டைன் பட்டிக்காட்டார் வந்து குவிவதை இகழ்ந்திருந்தார். 1764 தேர்தலில் எதிரிகள் அச்சொல்லை எடுத்து ஜெர்மானியர் முன் விரித்தனர். ஃபிராங்க்ளின் தோற்றார். எவரை ஐயுற்றுக் கையொப்பம் வாங்கினார்களோ அவர்கள் கையில் வாக்குச்சீட்டும் வந்து சேர்ந்திருந்தது.

தேதிகளைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் நாடுகள் 1700-இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டன. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியையே கொண்டிருந்தன. இடையில் 11 நாள் வேறுபாடு. மிட்டல்பெர்கர் தாம் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியது 1750 அக்டோபர் 10 என்கிறார். அவர் வந்த 'ஆஸ்குட்' கப்பலின் பட்டியல் செப்டம்பர் 29 என்கிறது. இருவரும் சொல்வது ஒரே நாளைத்தான். மேலும் இங்கிலாந்தில் அன்று ஆண்டுப்பிறப்பு மார்ச் 25. ஆகவே பிப்ரவரி மாதத்துச் சட்டமொன்றுக்கு 1729/30 என இரட்டை ஆண்டு எழுதுவர். குவேக்கர்கள் மாதப் பெயர்களையே ஏற்காமல் மார்ச்சை முதல் மாதம் எனக்கொண்டு எண்ணால் எழுதினர். பிள்ளை பிறந்தது தாய் தந்தையர் மணந்ததற்கு முன்னா பின்னா என்ற வழக்குகள் பல இந்தக் கணக்கிலேயே தீர்ந்துபோகும்.

அரசின் ஏடுகள் விட்ட இடத்தைத் தேவாலய ஏடுகள் நிரப்புகின்றன. அங்கேதான் தாயின் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் எல்லாம் வரும். இறையியல் மாணவன் என்று கையொப்பமிட்ட இளைய ஸ்டோவர், பின்னர் குதிரையேறிக் காடெங்கும் அலைந்து, ஐம்பதாண்டுக்காலம் தாம் நடத்திய ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1742-இல் வந்த ஹென்றி மெல்கியோர் முஹ்லன்பர்க் டிராப் என்ற ஊரில் சபையை நிலைநிறுத்தினார். மிட்டல்பெர்கர் ஆர்கன் வாசித்துப் பள்ளி நடத்தியதும் இந்தச் சபையில்தான். முஹ்லன்பர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்குவின் பணிக்குப் பின்துணையாக நின்றதும் அதே நிறுவனமே. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளும், பென்சில்வேனியாவிலிருந்து போன போதகர் கடிதங்களும் ஹாலேயின் ஆவணக் காப்பகத்தில் ஒரே கூரையின்கீழ் உள்ளன.

இத்தனைக்குப் பிறகும் ஊர் கிடைக்காதபோது செய்யவேண்டியது என்ன? தன் முன்னோனை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நின்றவனைத் தேட வேண்டும். ஊர் விட்டுப் போனவர் தனியே போனதில்லை. மைத்துனன், அண்டை வீட்டான், ஒரே சபையார் என்று சேர்ந்தே படகேறினர். நீதிமன்றத்திலும் அருகருகே நின்று கையெழுத்திட்டனர். ஹென்றி இசட். ஜோன்ஸ் இம்முறையை விடாப்பிடியாகக் கையாண்டார். ஹண்டரின் ஏட்டிலுள்ள 847 குடும்பங்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால், அதைச் சுற்றிய சிற்றூர்களின் ஞானஸ்நான ஏடுகளில் பட்டியலின் அடுத்த பெயரைத் தேடுவார். அன்னெட் பர்கெர்ட் என்ற அம்மையார் வடக்குக் கிரைக்காவ் வட்டாரத்துக்கு இவ்வாறே செய்து 1983-இல் நூலாக்கினார். ஜெர்மானியப் போதகர் ஒருவர் குடும்பத்தின் பெயருக்கு எதிரே 'பென்சில்வேனியாவுக்குப் போனார்கள்' என்று ஒரு வரி எழுதியிருப்பார். விடுதலைக் கட்டணம் செலுத்திய ரசீதுக் குறிப்பு மற்றோர் இடத்தில் இருக்கும். கட்டணத்துக்குப் பயந்து இரவோடு இரவாகப் போனவனுக்கு அதுவும் இல்லை.

பயணக் கட்டணம் செலுத்த முடியாமல் இறங்கியோரைக் கப்பலிலேயே வைத்து விலை பேசினர். வாங்குவோன் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அவர்களைச் சில ஆண்டுகள் ஊழியத்துக்கு அழைத்துச் செல்வான். பிள்ளைகள் இருபத்தொரு வயது வரை உழைக்க வேண்டும். ஒரே குடும்பம் மூன்று திசையில் பிரிவது வழக்கமாயிற்று. அதன் பின் கதை எங்கே என்றால், ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவுர் நடத்திய ஜெர்மானியச் செய்தித்தாளின் விளம்பரங்களில் இருக்கிறது. என் சகோதரி இன்ன ஆண்டு இன்ன கப்பலில் வந்தாள், இன்னார் மகள், இன்ன ஊர், அவளை அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்பன போன்ற அறிவிப்புகள் பல பதிற்றாண்டுகளாக அங்கே வந்துகொண்டிருந்தன. எட்வர்ட் ஹாக்கர் அவற்றைத் திரட்டிய தொகுப்பு உண்டு. அரசு எழுத மறந்த ஊரும் உறவும் காசு கொடுத்து அச்சிட்ட அந்தச் சில வரிகளில் கிடைக்கின்றன.

கடைசியாக ஒன்று. பென்சில்வேனிய ஜெர்மானியரிடையே குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பறவையும் துலிப் மலரும் வண்ணத்தில் வரைந்து, பெற்றோர் பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதிய தாளொன்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைப்பர், அல்லது வேதாகமத்துக்குள் மடித்து வைப்பர். விடுதலைப் போரில் போரிட்டோரின் கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1836-இல் விரிவானபோது, திருமணத்தையும் வயதையும் மெய்ப்பிக்கச் சான்று கேட்டார்கள். வேறு சான்றில்லாத கிழவிகள் அத்தாள்களையும் வேதாகமத்தின் குடும்பப் பக்கங்களையும் கிழித்தெடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பினர். அவற்றுட் பல திரும்பி வரவில்லை. வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில், உறுதிமொழிப் பத்திரங்களுக்கும் சாட்சிக் கையொப்பங்களுக்கும் இடையே, அந்தத் துலிப் மலர்கள் இன்றும் மடிந்து கிடக்கின்றன.